ஆமை சாப்பிடும் சத்தம்

ஆமையை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தது ஒரு செப்டெம்பர் மாதக் கடைசியில். தந்தவர் கீழ் வீட்டு மதாம். ஜான்-டலோன் சந்தைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் இந்தக் கட்டடத்தில் அவர் கீழே, நாங்கள் மேலே என்று பதினாறு வருடம் இருந்தோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், கடிதப்பெட்டியில் எழுதியிருந்தது. ஆனாலும் நானும் மனைவியும் எங்களுக்குள் கதைக்கும்போதுகூட அவரை, இங்கே மரியாதைக்குச் சொல்வதுபோல, மதாம் என்றுதான் சொன்னோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் கதைத்தது கியூபெக் பிரெஞ்சு. அது எனக்கு விளங்கிய அளவில் தமிழில் வருகிறது.

அந்தக் கோடையில் மதாம் வாசல் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எண்பத்து நாலு வயது. கற்றினோவில் இருக்கும் மருமகள் ஒருத்தி, அண்ணன் மகள், ஓடி வந்து முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பிடித்தாள். அங்கே அறைக்குள் பிராணி வைத்திருக்க விடமாட்டார்கள். ஆமையோ முப்பத்தொரு வருடமாக மதாமுடன் இருந்தது. அவருடைய கணவர் உயிரோடிருந்த காலத்தில் வாங்கியதாம்.

ஒருநாள் நான் வேலையால் வந்தபோது மதாம் நடைவண்டியைப் பிடித்தபடி வெளிப்படிக்குக் கீழே காத்து நின்றார். "உங்களைத் தவிர எனக்குக் கேட்க ஆளில்லை" என்றார். நான் உடனே ஓம் என்றேன். யோசிக்காமல் ஓம் சொல்வது என் பழக்கம். இல்லை என்று சொல்ல எனக்கு மூன்று நாள் வேண்டும். அவரிடம் மூன்று நாள் இல்லை, மறுநாள் காலை போகிறார்.

அவர் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். ஞாயிறு இரண்டு மணிக்குத் தான் போன் எடுக்கும்போது ஆமையைப் பற்றிச் சொல்லவேண்டும். மே மாதம் குளிர் விட்டதும் இல்லத்தின் முற்றத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டும். முற்றத்தில் பிராணி வரலாம் என்று மருமகள் அனுமதி வாங்கியிருந்தாள். "மே மாதம்வரை நான் இருக்கவேண்டும், அதுவும் இருக்கவேண்டும். என் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமையோ? வீட்டுக்குள்ளயோ?" என்றாள். ஆமை வீட்டுக்குள் வருவதைப் பற்றி எங்கள் சனம் சொல்வதை இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். "சாமிப் படத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதேங்கோ, சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். பிள்ளைகள் இரண்டும் வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போன பிறகு ஓர் அறை சும்மா கிடந்தது. அங்கே வைத்தோம்.

ஆமை இரண்டு கைக்குள் அடங்கும் அளவு. மஞ்சளும் கறுப்புமாக ஓடு. மதாம் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார், அதை நான் எழுதமாட்டேன், அது அவர்கள் இருவருக்கும் இடையிலானது. அதோடு ஒரு பெரிய மரப்பெட்டி, மேலே சூட்டு விளக்கு ஒன்று, வெயிலுக்குப் பதிலாக எரியும் இன்னொரு விளக்கு, தண்ணீருக்குத் தட்டையான மண் தட்டு, ஒரு கொப்பி. கொப்பியில் மதாம் தன் கையால் பதினொரு பக்கம் எழுதியிருந்தார். விளக்கு எத்தனை மணிக்குப் போடுவது, எத்தனை மணிக்கு நூர்ப்பது. கிழமைக்கு இரண்டு தரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் இருத்துவது. பழம் கொடுக்கக்கூடாது. கொறிப்பதற்குக் கணவாய் ஓடு வைக்கவேண்டும். நாங்கள் கணவாயைத் தின்றுவிட்டு ஓட்டைக் குப்பையில் போடுகிற ஆட்கள். இங்கே அந்த ஓட்டைப் பிராணிச் சாமான் கடையில் பைக்குள் போட்டு விற்கிறார்கள். மனைவி அதைக் கண்டு அன்று முழுக்கச் சிரித்தாள்.

நான் சென்ட் லோரன்டில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே எல்லாம் தாளில் இருக்கும். முதலாவது படி, இரண்டாவது படி, ஒவ்வொன்றையும் செய்த பிறகு பக்கத்தில் கையொப்பம். ஒரு படியை நானாகக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். "உங்கள் மூளையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், தாளை மட்டும் பாருங்கள்" என்பேன். அப்படிப்பட்டவன் மதாமின் பதினொரு பக்கத்தில் ஒரேயொரு வரியைத் தாண்டிப் போனேன். ஓட்டில் ஒன்றும் பூசக்கூடாது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் வாசிக்கவில்லை என்றில்லை. வாசித்தேன். வர்ணம், மெருகு என்று கடைகளில் விற்பார்களே, அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எண்ணெய் எனக்கு அந்தக் கணக்கில் வரவே இல்லை.

சனிக்கிழமை காலையில் எண்ணெய் வைத்து முழுகுவதை நான் இந்த ஊருக்கு வந்தும் விடவில்லை. நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஓர் உள்ளிப்பல்லும் போட்டுச் சூடாக்கி, உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டு, அரை மணித்தியாலம் பழந்துணி விரித்த கதிரையில் இருப்பேன். குளித்த பிறகு தொட்டி வழுக்குகிறது என்று மனைவி ஒவ்வொரு சனியும் பேசுவாள். ஒக்ரோபர் மாதம் ஹீட்டர் போடத் தொடங்கியதும் என் கால் தோல் வெடித்தது. அதே சனிக்கிழமை ஆமையைப் பார்த்தேன். ஓடு சாம்பல் பூத்து வறண்டு கிடந்தது. பாவம், இதற்கு யார் எண்ணெய் வைப்பார்கள் என்று நினைத்தேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை விரலால் தொட்டு ஓடு முழுக்கத் தேய்த்தேன். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது, பிறகு மெல்ல வெளியே விட்டது. அதற்குச் சுகமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடு புதுச் சப்பாத்துப் போல மினுங்கியது. மஞ்சள் மஞ்சளாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரிந்தது. படம் எடுத்துக் குடும்பத்து வட்சப்பில் போட்டேன். நோர்வேயிலிருந்தும் லண்டனிலிருந்தும் கைதட்டல் வந்தது. மனைவிகூட எட்டிப் பார்த்து, "இப்பத்தான் ஒரு களை வந்திருக்கு" என்றாள். அடுத்த சனியும் வைத்தேன். அதற்கடுத்த சனியும். மதாமிடம் மட்டும் சொல்லவில்லை. மே மாதம் கொண்டுபோகும்போது பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டேன். அவரிடம் இருந்தது இல்லத்தில் மேசைமேல் வைத்துக் கதைக்கும் பழைய போன், அதில் படம் போகாது.

ஞாயிறு இரண்டு மணிக்குப் போன் அடிக்கும். ஒரு நிமிடம் முந்தியுமில்லை, பிந்தியுமில்லை. என்ன சாப்பிட்டது, விளக்கடியில் எத்தனை பாகை, வெளிக்குப் போனதா என்று கேட்பார். நான் வேலைத்தலத்தில் மேற்பார்வையாளருக்குச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வேன். பிறகு, "போனை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். சலாட் ஓர் இலை கொடுங்கள்" என்பார்.

ஆமை சாப்பிடும்போது சத்தம் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இலையைக் கடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, கிழித்து எடுக்கும். கறுக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் கறுக். மதாம் அந்தப் பக்கம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் ஞாயிறே என்னிடம், "தயவுசெய்து எங்களைக் கொஞ்சம் தனியே விடுங்கள்" என்றார். நான் போனைப் பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் குடிப்பேன். உள்ளே அவருடைய குரல் மெல்லக் கேட்கும். சொல் விளங்காது. இருபது நிமிடம் கழித்து நான் திரும்பப் போய்ப் போனை எடுத்தால், "மெர்சி, முசியூ. அடுத்த ஞாயிறு" என்று நன்றி சொல்லி வைப்பார்.

அந்த நாட்களில் எனக்கு அந்தப் பிராணியில் உண்மையிலேயே ஆசை வந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது சந்தைக்குள் புகுந்து, கடைக்காரர்கள் கழித்துப் போடும் சலாட்டின் வெளி இலைகளைப் பொறுக்கி வருவேன். என்னைக் கண்டால் ஆமை பெட்டியின் இந்த ஓரத்துக்கு நடந்து வரும். இலைக்காகத்தான் வருகிறது என்று தெரியும். ஆனால் இந்த வீட்டில் நான் கதவைத் திறக்கும்போது எழும்பி வருகிற வேறு ஆள் கிடையாது. மனைவி அந்த நேரம் வேலையில் இருப்பாள்.

டிசெம்பரில் சாப்பாடு குறைந்தது. ஞாயிறு மட்டும் இலையில் நாலு வாய் கடித்தது, குறைந்ததை நானும் மதாமிடம் சொல்லவில்லை. "குளிருக்கு எங்களுக்கே பசிக்குதில்லை, அதுக்குப் பசிக்குமோ?" என்றாள் மனைவி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆமைகள் குளிர்காலத்தில் உறங்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். இந்த ஆமையை உறங்க விடக்கூடாது, விளக்குப் போட்டு விழித்தபடி வைத்திருக்கவேண்டும் என்று கொப்பியில் நாலாம் பக்கத்தில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓடும் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. மினுங்குகிற பொருளுக்கு நோய் வருத்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஜனவரிக் கடைசியில் மூக்கில் குமிழி வந்தது. கண் திறக்கவில்லை. துணியில் சுற்றி, என் ஜக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மெத்ரோ ரயிலில் பிராணி வைத்தியரிடம் போனேன். வெளியே இருபத்தைந்து பாகை குளிர், பூச்சியத்துக்குக் கீழே. வைத்தியர் இளம் பெண். கையுறை போட்ட விரலால் ஓட்டைத் தடவினாள், விரலைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"இதில் என்ன பூசினீர்கள்?" என்றாள்.

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு மழுங்கிய கருவியால் ஓட்டின் ஒரு தகட்டை ஓரத்தில் நெம்பினாள், கீழே வெள்ளையாக நைந்து கிடந்தது. எண்ணெயில் தூசியும் மண்ணும் ஒட்டி, தகட்டின் இடுக்கில் ஈரம் தங்கி, அழுகல் பிடித்திருக்கிறதாம். மேலே மினுங்கியதால் உள்ளே வெளுத்தது தெரியவில்லையாம். அழுகல் இரத்தத்தில் ஏறியிருக்கலாம், நெஞ்சிலும் சளி. "எண்ணெயாலேதானா?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, வயதும் இருக்கிறது, குளிர்காலமும் இருக்கிறது என்றாள். கொஞ்சம் பொறுத்து, ஒரு மாதம் முந்திக் கொண்டுவந்திருந்தால் நல்லது என்றாள். ஊசி போட்டாள். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், பெப்ரவரி தொடங்கி இரண்டொரு நாளில், வேலையில் நிற்கும்போது போன் வந்தது. உடலை எடுக்க வருகிறீர்களா, நாங்களே எரித்துவிடலாமா என்று கேட்டார்கள். எரித்துவிடுங்கள் என்றேன். அதையும் யோசிக்காமல்தான் சொன்னேன்.

அன்றிரவு மதாமுக்குச் சொல்வதற்கு என்னென்ன சொல் வேண்டும் என்று பிரெஞ்சில் அடுக்கிப் பார்த்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னத்துக்குச் சொல்லப்போறியள்? வயது போன மனுசி. இடுப்பு முறிஞ்சு கிடக்குது. கேட்டு ஏதும் நடந்தால்? பேந்து ஆறுதலாச் சொல்லுவம்."

"நீர் சும்மா இரும். அவ ஞாயிற்றுக்கிழமை கேப்பா."

"நித்திரை எண்டு சொல்லுங்கோ."

இதில் என் மனைவியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்படித்தான் நாங்கள் செய்கிறோம். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், அகதி வழக்கு விசாரணைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, டொரன்டோவில் அண்ணையோடு இருந்த அப்பா இறந்தார். அண்ணை அதை எனக்குப் பதினேழு நாள் சொல்லவில்லை. நான் போன் எடுக்கும்போதெல்லாம், "அப்பா படுத்திட்டாரடா, பிறகு கதை" என்றார். விசாரணையில் நான் தடுமாறக்கூடாதாம். தெரிந்த பிறகு ஒரு வருடம் அண்ணையோடு நான் கதைக்கவில்லை. அந்தப் பதினேழு நாளும் நான் சிரித்ததும் படம் பார்த்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என்னைத் தின்றது. அதெல்லாம் பட்டவன்தான் நான். பட்டவனுக்குத்தான் நன்றாக விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஞாயிறு இரண்டு மணிக்குப் போன் அடித்தபோது, "நித்திரை, மதாம்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

அடுத்த ஞாயிறும் நித்திரை என்றேன். மதாமின் குரல் மாறியது. "இரண்டு கிழமையாகச் சாப்பிடவில்லையா? அது அப்படி நித்திரை கொள்ளாது. நான் மருமகளுக்குச் சொல்கிறேன், அவள் நாளைக்கே வந்து பார்ப்பாள்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. குசினி மேசையில் மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்கு நறுக்கிய சலாட் இருந்தது. "பொறுங்கள் மதாம், இப்போது எழும்பிவிட்டது" என்றேன். போனை மேசையில் வைத்து, ஓர் இலையை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, முன்பல்லால் கடித்துக் கிழித்தேன்.

கறுக்.

பொறுத்தேன். திரும்பவும் கறுக். எத்தனை விநாடி இடைவெளி விடவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடுப்படியில் நின்ற மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் போனுக்குள் மதாம் அழுதுகொண்டிருந்தார். "முட்டாளே, என்னைப் பயப்படுத்திவிட்டாய். சாப்பிடு. சாப்பிடு" என்றார். என்னையல்ல, ஆமையை. பிறகு, "முசியூ, எங்களைத் தனியே விடுங்கள்" என்றார். கதவைச் சாத்தும் சத்தம் அவருக்குக் கேட்கவேண்டுமே, காலை நீட்டிக் குசினிக் கதவைத் தள்ளிச் சாத்தினேன். நான் உள்ளேதான் இருந்தேன். நான் போனால் யார் சப்புவது?

அப்படி எட்டு ஞாயிறு போனது.

முன்பு கதவுக்கு அப்பால் கேட்ட குரல் இப்போது என் காதுக்குள் சொல் சொல்லாக வந்தது. இல்லத்துச் சூப்பில் உப்பே இல்லை என்றார். எதிர் அறைக் கிழவி போய்விட்டாள், இரண்டாம் நாளே அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருக்கிறாள் என்றார். ஒரு ஞாயிறு என்னைப் பற்றியும் சொன்னார். "அந்த மனிதர் நல்லவர். படியில் ஏறும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும், நிறையக் களைப்போடு வருகிற ஆள். அவரைக் கடிக்காதே." நான் இலையை வாயில் வைத்தபடி இருந்தேன். சத்தம் நின்றுவிட்டது. "கேட்கிறாயா? சாப்பிடு" என்றார். சப்பினேன்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு மெல்லிய குரலில் சொன்னார். "எனக்கு இங்கே சாகப் பயமாயிருக்கிறது. எத்தனையோ பேர் செத்த கட்டில். இரவில் யாரோ தள்ளுவண்டியில் போகும் சத்தம் கேட்கிறது. மருமகளிடம் சுகமாயிருக்கிறேன் என்று சொல்கிறேன், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். மே மாதம் நீ வா. நீ வந்தால் கொஞ்சம் பயம் போகும்."

கதவைத் திறந்து வெளியே போயிருக்கலாம். போனை எடுத்து, மதாம், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனுசி இப்படிச் சொல்லும்போது மனிதனாகப் பிறந்தவன் ஏதாவது ஒரு சொல் சொல்வான். நான் அடுத்த இலையை எடுத்தேன். வேலைத்தலத்தில் ஒரு படி முடிந்தால் அடுத்த படிக்குப் போவதுபோல எடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கைகளில் அருவருப்பு வருகிறது.

ஏப்ரலில் இல்லத்துக்காரர்கள் முற்றத்தில் ஒரு மூலையைச் சிறிய கம்பிவலையால் அடைத்துவிட்டார்கள் என்று மதாம் சந்தோஷமாகச் சொன்னார். மற்றக் கிழவிகளும் ஆமையைப் பார்க்கக் காத்திருக்கிறார்களாம். போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன்.

"போய் நேரில சொல்லுங்கோ. ஆனால் பெப்ரவரி எண்டு சொல்லாதேங்கோ. நேற்றுச் செத்தது எண்டு சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் நோகாது."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த சனிக்கிழமை, எண்ணெய் வைக்காமல் வெறும் முழுக்குப் போட்டுவிட்டு, ஒரு பூச்சாடி வாங்கிக்கொண்டு போனேன். வந்தவர்களைச் சந்திக்கும் அறையில், யன்னலடியில், சக்கர நாற்காலியில் மதாம் இருந்தார். அந்த ஆறேழு மாதத்தில் அவர் பாதியாகிவிட்டிருந்தார். நான் சொல்லாமல் வந்திருந்தேன். பூச்சாடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"எப்போது?" என்றார்.

"நேற்று, மதாம்."

யன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணீர் வரவில்லை. பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. அப்படி நடக்காது. ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் சாப்பிட்டதே, நான் கேட்டேன். அப்படிச் சாப்பிடுகிற ஆமை ஐந்து நாளில் சாகாது. அதன் சாவு மெல்லத்தான் வரும். முதலில் சாப்பாட்டை விடும். முப்பத்தொரு வருடம் நான் வளர்த்தேன், முசியூ. என்ன நடந்தது?"

என்னிடம் அதற்கு மேல் பொய் இருக்கவில்லை. இருந்த ஒரு பொய்யையும் அவர் எடுத்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டார். எண்ணெயைச் சொன்னேன். சனிக்கிழமைகளைச் சொன்னேன். கொப்பியில் இரண்டு கோடு போட்டிருந்த வரியை வாசித்தும் செய்ததைச் சொன்னேன். வைத்தியர் சொன்னதையும், பெப்ரவரியையும், உடலைக்கூட எடுத்துவராமல் அங்கேயே எரிக்க விட்டதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். நான் அழுதது அவருக்குத் தொந்தரவாக இருந்தது என்று நினைக்கிறேன், கைக்குட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் அதே எண்ணெயைத்தான் பூசுகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஓம், மதாம். சின்ன வயதிலிருந்து."

"அப்படியானால் அதற்குக் கெடுதல் செய்ய நினைத்துச் செய்யவில்லை. உங்களுக்குச் செய்வதையே அதற்கும் செய்திருக்கிறீர்கள்." என் முழங்கையில் கை வைத்தார். வெயிட்டே இல்லாத கை. "அதை நான் மன்னிக்கிறேன்."

எனக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், முடிந்தது, இனி எழும்பிப் போகலாம் என்று நினைத்தேன். மதாம் கையை எடுக்கவில்லை. எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"பெப்ரவரி என்றீர்கள்."

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்டது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "நான்தான்" என்றேன்.

"நீங்கள் சலாட் சாப்பிட்டீர்கள்."

"ஓம், மதாம்."

"அறைக்குள் இருந்தீர்கள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது."

"உள்ளேயிருந்து சாத்தினேன்."

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோபத்தில் முகம் சிவக்கும் என்று காத்திருந்தேன். சிவக்கவில்லை. வெட்கப்பட்டார். எண்பத்து நாலு வயது மனுசி, உடுப்பு மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல, கழுத்துச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான் செய்ததை அப்போதுதான் முழுதாகக் கண்டேன்.

"சாகப் பயமாயிருக்கிறது என்று சொன்னேன்" என்றார்.

"கேட்டேன், மதாம்."

"கேட்டீர்கள். கேட்டுக்கொண்டே சப்பினீர்கள்."

நாற்காலிப் பிடியில் இருந்த பொத்தானை அமத்தினார். பராமரிப்பாளர் வந்தார். ஹெய்ட்டியிலிருந்து வந்த பெண், நல்ல கலகலப்பு. என்னைக் கண்டதும், "நீங்கள்தானே ஆமைக்காரர்? மதாம் எங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். எப்போது கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. எனக்கு முன்னால் மதாம் பதில் சொன்னார்.

"செத்துப்போயிற்று" என்றார். "பெப்ரவரியில்."

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார். நான் இரண்டு மாதத்துக்கு மேலாக வாய் நிறைய இலை வைத்துச் சொல்லாமல் விட்டதை இரண்டு சொல்லில் சொல்லி முடித்தார். அந்தப் பெண் ஐயோ என்று குனிந்து அவரை அணைத்துக்கொண்டாள். அவளுடைய தோளில்தான் மதாம் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன், பிறகு அவர்கள் லிஃப்டுக்குள் போகும்போது கதவருகில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

மே மாதம் ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஒருமுறை நேரில் போனேன். வரவேற்பில் இருந்தவர் மேலே போன் எடுத்துக் கேட்டுவிட்டு, மதாம் இன்றைக்கு யாரையும் பார்ப்பதில்லை என்று மரியாதையாகச் சொன்னார். உயிரோடுதான் இருக்கிறார். இரவில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும்போது அவர் இப்போது யாரிடம் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. இருந்த ஓர் இடத்தையும் நான் கெடுத்துவிட்டேன்.

ஞாயிறு இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடிப்பதில்லை. நான் அந்த நேரம் வெளியே எங்கும் போவதில்லை.